ரயில் டிக்கெட்டும் டிக்கெட்தான்

பெறுநர்: தமிழ்நாட்டு விமான நிலையங்களிலிருந்து வெளிநாடுகளுக்குப் பறக்கும் விமான நிறுவனங்களின் மேலாளர்கள், அவர்களுக்காகச் செக்-இன் கவுன்ட்டர்களில் ஆள் நிறுத்தும் ஒப்பந்த நிறுவனத்தார்.

ஐயா, அம்மா, வணக்கம்.

நான் திருச்சிக்காரன். ஆர்.எம்.எஸ். என்று சொல்கிற ரயில்வே அஞ்சல் பிரிவில் 31 வருஷம் சார்ட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓடுகிற ரயிலில் நின்றபடியே கடிதங்களை ஊர் ஊராகப் பிரித்து அறைகளில் போடுகிற வேலை. வண்டி ஆடினால்தான் எனக்குத் தூக்கமே வரும் என்று வீட்டில் இன்றைக்கும் கேலி செய்வார்கள். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், இந்த மடலே ஒரு ரயில் டிக்கெட்டைப் பற்றியது.

2025 ஜனவரியில் நானும் என் மனைவியும் ஒரு நீண்ட பயணம் கிளம்பினோம். சென்னையிலிருந்து பாங்காக் வரைக்கும் விமானம், அதற்கப்புறம் எல்லாம் தரைவழி. பாங்காக்கிலிருந்து ராத்திரி ரயிலில் லாவோஸின் தலைநகர் வியன்டியான். அங்கிருந்து லுவாங் பிரபாங் போய், மலைப்பாதையில் பஸ் ஏறி வியட்நாமின் தியன் பியன் பூ. பிறகு ஹனோய். ஹனோயிலிருந்து சைகோனுக்கு 1,726 கிலோமீட்டர் ரயில். சொல்லப்போனால் இந்த ஒரு ரயிலுக்காகத்தான் நான் பத்து வருஷமாகக் காசு சேர்த்தேன். அப்புறம் கம்போடியா, மறுபடி தாய்லாந்து, தெற்கே ஹாட் யாய், பதாங் பெசார் வழியாக மலேசியா. கடைசியில் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானம். மொத்தம் எத்தனை நாள் என்று யாராவது கேட்டால், ‘எழுபது, எண்பது ஆகும்’ என்பதற்கு மேல் எங்களிடம் பதில் இல்லை. முட்டி வலித்தால் ஓர் ஊரில் நாலு நாள் கூடத் தங்குவோம், ஊர் ஒத்துவராவிட்டால் மறுநாளே மூட்டை கட்டுவோம்.

அதனால் பாங்காக்குக்கு ஒருவழி டிக்கெட் மட்டும் எடுத்தோம். உங்கள் கணக்கில் தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. முகம் சுளிக்காமல்தான் பேசினார். பாஸ்போர்ட் இரண்டையும் வாங்கி, பெட்டிகளை எடை போட்டு, கைப்பிடியில் டேக் சுற்றப் போன நேரத்தில் திரையைப் பார்த்தார். கை நின்றுவிட்டது.

“ரிட்டர்ன் டிக்கெட் காட்டுங்க சார்.”

“ரிட்டர்ன் இல்லம்மா. அங்கேருந்து ரயில்ல லாவோஸ் போறோம். இதோ டிக்கெட்.”

பிளாஸ்டிக் ஃபைலிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நாங்கள் போய் இறங்கும் நாளிலிருந்து ஐந்தாம் நாள் ராத்திரி, 133-ஆம் எண் வண்டி, பாங்காக்கின் குருங் தெப் அபிவத் நிலையத்திலிருந்து வியன்டியானுக்கு. கீழ்ப் படுக்கை ஒன்று, மேல் படுக்கை ஒன்று. எங்கள் பெயர் போட்டு, பணம் கட்டி எடுத்த டிக்கெட்.

“இது ட்ரெயின் டிக்கெட் சார்.”

“ஆமாம்மா.”

“ஃப்ளைட் டிக்கெட் வேணும்.”

இந்த மூன்று வரிக்காகத்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வியன்டியான் தாய்லாந்துக்குள் இல்லை என்பதையே முதலில் நான் நிரூபிக்க வேண்டியிருந்தது. கைபேசியில் வரைபடத்தைத் திறந்து மேகாங் ஆற்றைக் காட்டினேன். ஆற்றின் மேல் 1994-இல் திறந்த பாலம், அதன் நடுவிலேயே தண்டவாளம், இந்தக் கரை நோங் காய், அந்தக் கரை லாவோஸ். பாங்காக்கிலிருந்து நேராக வியன்டியானுக்கே போகிற இந்த வண்டி 2024 ஜூலையில்தான் ஓடத் தொடங்கியது. அதனால் அவருக்குத் தெரியாமல் இருந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. பொறுமையாகப் பார்த்துவிட்டு, “சரி சார், அப்ப லாவோஸ் விசா காட்டுங்க” என்றார்.

“அது அங்க போய் இறங்கினதும் குடுப்பாங்கம்மா.”

“அப்ப விசா இல்லையா?”

“இந்தியர்களுக்கு அங்கதாம்மா…”

“விசாவும் இல்ல, ஃப்ளைட்டும் இல்ல.”

அவர் அப்படிச் சொன்னபோது, நாங்கள் இரண்டு பேரும் ஏதோ திருட்டுத்தனமாகக் கிளம்பியவர்கள் மாதிரி என் காதுக்கே கேட்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எங்கள் பெட்டிகளைப் பார்க்க ஆரம்பித்தார்கள். வியட்நாம் இ-விசாவை நீட்டினேன். 90 நாள் செல்லும் விசா, நுழையும் இடம் என்று தியன் பியன் பக்கத்து மலை எல்லையின் பெயர் அச்சிட்டிருக்கிறது. விமானத்தில் வருகிறவன் எவனும் அந்த வாசலைக் குறிப்பிட மாட்டான். “நீங்க போறது தாய்லாந்து சார்” என்றார். அவர் கேள்விக்கு அவர் பதில் சரிதான்.

சூப்பர்வைசர் வந்தார். அவரும் நல்ல மனிதர். “சிஸ்டம் கேக்குது சார், நான் என்ன பண்றது” என்றார். கவுன்ட்டர் மூட அரை மணி நேரம்தான் இருந்தது. என் மனைவி என் முழங்கையைத் தொட்டு, “ஏங்க, ஒரு டிக்கெட்டை எடுத்துத் தொலைச்சிடுங்க. தலைவலி போச்சுன்னு நெனச்சுக்குவோம்” என்றாள். அங்கேயே நின்று, கை நடுங்க நடுங்க, ஐம்பது நாள் கழித்து பாங்காக்கிலிருந்து சென்னைக்கு வருகிற ஒரு விமானத்தில் இரண்டு இருக்கை எடுத்தேன். 23,600 ரூபாய். அந்தத் திரையைக் காட்டியதுமே போர்டிங் பாஸ் அச்சாகி வந்தது.

அந்த விமானத்தில் நாங்கள் ஏறப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். சூப்பர்வைசருக்கும் தெரியும். “அங்க இறங்கினதும் கேன்சல் பண்ணிக்குங்க சார்” என்று யோசனை சொன்னவரே அவர்தான். அப்படியே செய்தேன். பிடித்தம் போக மீதி வர ஒன்றரை மாதம் ஆயிற்று. 7,000 ரூபாய்க்கு மேல் போனது போனதுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வரிசையில் எங்களுக்கு முன்னால் நீலச் சட்டை போட்ட பையன் ஒருவன் நின்றிருந்தான். அவனும் ஒருவழிதான், இரண்டு மாதம் சுற்றப் போகிறான். நான் கவலையோடு கேட்டபோது சிரித்தான். “டம்மி டிக்கெட் அங்கிள். 800 ரூபா. ரெண்டு நாள்ல தானா கேன்சல் ஆயிடும்.” டிராவல்ஸில் கொடுப்பதுதான். பணம் கட்டாமல் இருக்கையை மட்டும் பிடித்து வைப்பார்கள், பி.என்.ஆர். எண் நிஜமாகவே இருக்கும், உங்கள் இணையதளத்தில் தேடினாலும் வரும். கெடு முடிந்ததும் கலைந்துவிடும். பணம் கட்டிய டிக்கெட்டுக்கு மட்டுமே 13 இலக்க எண் உண்டு. அந்த எண்ணை அவனிடம் யாரும் கேட்கவில்லை. அவன் இரண்டு நிமிஷத்தில் உள்ளே போய்விட்டான்.

ஆக அன்றைக்கு அந்தக் கவுன்ட்டரில் 800 ரூபாய் பொய் செல்லுபடியானது. 23,600 ரூபாய் பொய்யும் செல்லுபடியானது. செல்லாமல் போனது என் ஃபைலில் இருந்த நிஜ டிக்கெட் ஒன்றுதான்.

பாங்காக்கில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். குடியேற்ற அதிகாரி கேமராவைப் பார்க்கச் சொன்னார், விரல்களை வைக்கச் சொன்னார், 60 நாளுக்கு முத்திரை குத்தினார். 2024 ஜூலை 15 முதல் எங்களுக்கு விசா இல்லாமல் கொடுத்துவந்த 60 நாள். திரும்பிப் போகிற டிக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பின்னால் நின்ற என் மனைவியையும் அப்படித்தான் அனுப்பினார். கேட்டிருந்தால் அவரிடமும் ரயில் டிக்கெட்டைத்தான் காட்டியிருப்பேன். தன் நாட்டு ரயில்வே கொடுத்த டிக்கெட் என்று அவருக்குப் பார்த்ததுமே தெரிந்திருக்கும்.

உங்கள் பக்கம் இருக்கிற நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஊர் திரும்பியதும் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஓய்வுபெற்றவனுக்கு வேறென்ன வேலை. 1944-இல் சிகாகோவில் போட்ட விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்துக்கு ஒன்பதாம் இணைப்பு என்று ஒன்று இருக்கிறது. ஒரு நாடு ஒரு பயணியை உள்ளே விடாவிட்டால், கொண்டுவந்த விமான நிறுவனமே அவரைத் திருப்பி அழைத்துப்போக வேண்டும் என்பது அதன்படி வந்த ஏற்பாடு. அப்படித் திருப்பப்படுகிறவருக்கு உங்கள் பாஷையில் ‘இனாட்’ என்று பெயராம். அதற்கு மேல் அபராதம். பிரிட்டன் 1987-இல் சட்டம் போட்டு, சரியான ஆவணம் இல்லாமல் கொண்டுவரும் ஒவ்வொரு தலைக்கும் 1,000 பவுண்டு என்றது, பிறகு அதை இரட்டிப்பாக்கியது. நம் நாடே 2000-இல் அப்படி ஒரு சட்டம் கொண்டுவந்து ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்தது. 2025-இல் வந்த புதிய குடியேற்றச் சட்டம் அதைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. எல்லையைக் காக்கிற வேலையில் பாதியை அரசாங்கங்கள் உங்கள் தலையில் கட்டிவிட்டன, சம்பளம் கொடுக்காமல். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் பயப்படத்தான் செய்வேன்.

ஆனால் அந்தப் பயத்தில் படிப்பதையே விட்டுவிட்டீர்கள் என்பதுதான் என் குறை.

கவுன்ட்டர் பெண் பார்த்த ‘சிஸ்டம்’ டிமாட்டிக் என்கிற தகவல் களஞ்சியம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஐயாட்டா என்கிற உங்கள் சர்வதேசச் சங்கம் 1963-லிருந்து நடத்திவருவது. எந்த நாட்டு பாஸ்போர்ட், எந்த ஊருக்குப் போகிறார் என்று கொடுத்தால், என்னென்ன ஆவணம் தேவை என்று வரி வரியாகச் சொல்லும். அந்த வரிகளில் இரண்டு தினுசு உண்டு. சில நாடுகளுக்கு ‘திரும்பும் அல்லது மேற்செல்லும் டிக்கெட் வைத்திருக்க வேண்டும்’ என்று இருக்கும். மேற்செல்லும் டிக்கெட் என்றால் அங்கிருந்து வேறொரு நாட்டுக்குப் போகிற டிக்கெட். சில நாடுகளுக்கு ‘அப்படி டிக்கெட் இல்லாதவர்களுக்கு அனுமதி மறுக்கப்படலாம்’ என்று இருக்கும். ‘வேண்டும்’ என்பதும் ‘லாம்’ என்பதும் ஒன்றா? எங்கள் சார்ட்டிங் வேலையில் ஒரு எழுத்து மாறினால் கடிதம் முந்நூறு மைல் தள்ளிப் போய்விடும். அப்புறம் இன்னொன்று: இரண்டிலும் ‘அல்லது மேற்செல்லும்’ என்று இருக்கிறது. நான் தேடிப் பார்த்த வரிகளில் ‘விமான’ என்ற சொல் இல்லை. அது உங்கள் கவுன்ட்டரில் சேர்ந்துகொண்ட சொல்.

புதிதாகச் சேர்ந்த சார்ட்டருக்கு நாங்கள் முதலில் சொல்லித் தருவது, முகவரியைக் கீழிருந்து மேலே படி என்பதுதான். எந்த ஊர் என்று முதலில் பார், ஆள் பேர் கடைசியில். இங்கேயும் கேட்கிற கேள்வியைக் கடைசியிலிருந்து படித்தால் ‘இந்த ஆள் குறித்த நாளுக்குள் நாட்டைவிட்டு வெளியே போவாரா’ என்பதுதான் இருக்கிறது. எதில் ஏறிப் போவார் என்பது அந்தக் கேள்வியிலேயே இல்லை. தபால்தலை குறைந்த கடிதத்துக்குக்கூட நாங்கள் பெறுகிறவரிடம் குறைந்த காசை இரட்டிப்பாக வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுவோம். முழுத் தபால்தலை ஒட்டிய கடிதத்தை, வேறு கம்பெனிப் பசையால் ஒட்டியிருக்கிறாய் என்று நிறுத்தியதில்லை.

இங்கே ஒருவர் குறுக்கிட்டு, ஒருவழி டிக்கெட்டைச் சந்தேகிப்பதில் நம்மூர்ப் பிள்ளைகளுக்கே பாதுகாப்பு இருக்கிறதே என்பார். இருக்கிறது, இதை லேசாகத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவடியில் மோசடிக் கும்பல்களிடம் மாட்டிக்கொண்ட தமிழ்நாட்டு இளைஞர்களை 2022-இல் மீட்டுக் கொண்டுவந்தார்கள். கம்போடியாவிலும் அதே கதை. 2025 மார்ச்சில், நாங்கள் இன்னும் அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தபோதே, 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களைத் தாய்லாந்திலிருந்து விமானப்படை விமானங்களில் அழைத்து வந்தார்கள். அதனால் சென்னையில் நம் குடியேற்ற அதிகாரி என்னை நிறுத்தி நாலு கேள்வி கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. எங்கே போகிறீர்கள், யார் கூப்பிட்டார்கள், செலவுக்கு என்ன என்று கேட்டார். நான் வழியைச் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, “பென்ஷன் வாங்குறவங்க கொடுத்து வெச்சவங்க சார்” என்று சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். அவர் ஆளைப் பார்த்தார், கதை பொருந்துகிறதா என்று பார்த்தார். ஏமாற்றி அழைத்துப் போகிறவனுக்கு ஒரு ரிட்டர்ன் டிக்கெட் போட்டுக் கொடுப்பது பெரிய காரியமா? 800 ரூபாய். மாட்டிக்கொள்ளப் போகிற பையன் கையில் அந்தக் காகிதம் கச்சிதமாக இருக்கும். உங்கள் சிஸ்டம் அவனை அனுப்பிவிட்டு என்னை நிறுத்தும்.

தரைவழியில் போகிறவனிடம் டிக்கெட் ஏன் பல சமயம் இருக்காது என்பதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் எல்லாவற்றையும் பதினொரு மாதம் முன்பே விற்கிறவர்கள், உங்களுக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும்.

ஹாட் யாயிலிருந்து மலேசிய எல்லையான பதாங் பெசாருக்கு ஒரு சின்ன ரயில் போகிறது. நாங்கள் அன்றைக்குக் காலையில் நிலையத்தில் வரிசையில் நின்று, ஆளுக்கு 50 பாட் கொடுத்து டிக்கெட் வாங்கினோம். ஜன்னல் திறந்தே கிடந்தது, எதிரே ஒரு பாட்டி மடியில் கூடையோடு தூங்கிக்கொண்டு வந்தார். பதாங் பெசார் நிலையத்தில் ஒரே கட்டடத்துக்குள் தாய்லாந்து அதிகாரி ஒரு ஜன்னலில், மலேசிய அதிகாரி இன்னொரு ஜன்னலில். இங்கே வெளியேறும் முத்திரை, நாலு எட்டு வைத்தால் அங்கே நுழையும் முத்திரை, கடிகாரத்தை மட்டும் ஒரு மணி நேரம் முன்னே தள்ள வேண்டும். மலேசியாவும் 2023 டிசம்பரிலிருந்து நமக்கு 30 நாள் விசா இல்லாமல் விடுகிறது. கைபேசியில் வருகைப் படிவம் நிரப்பியிருந்தால் போதும். மொத்தம் இருபது நிமிஷம். ஒரு நாட்டைவிட்டு இதைவிட ஒழுங்காக, இதைவிடச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் யாரும் வெளியேற முடியாது. ஆனால் அதற்குச் சென்னையில் காட்ட என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் இருந்திருக்காது. அந்த வாசல் வழியாகத்தான் வெளியேறப் போகிறேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தால், உங்கள் கவுன்ட்டர் என்னை என்ன செய்திருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

நாள் குறித்துக்கொள்ளாததற்கும் காரணம் உண்டு. கம்போடியாவிலிருந்து தாய்லாந்துக்குள் போய்பெட்–அரண்யப்ரதேத் வாசல் வழியாக வந்தோம். கைவண்டி இழுக்கிறவர்கள், சூதாட்ட விடுதிகள், பழ வியாபாரிகள் என்று சந்தை மாதிரி இருந்த இடம். சில மாதத்தில், 2025 ஜூனில், இரண்டு நாட்டுக்கும் தகராறு முற்றி அந்த எல்லையையே மூடினார்கள். ஜூலையில் பீரங்கிச் சண்டை வரைக்கும் போனது. அரை வருஷம் தள்ளிக் கிளம்பியிருந்தால் நாங்கள் சைகோனிலேயே வழியை மாற்றியிருப்போம். மூடின கதவின் முன்னால் டிக்கெட்டை வைத்துக்கொண்டு நிற்கிறவன் பயணி இல்லை. வழி மாறும், நாள் மாறும், ஆனால் அனுமதித்த நாளுக்குள் வெளியேறுவான். உங்களுக்கு வேண்டியதும் அந்தக் கடைசி விஷயம் மட்டும்தானே?

என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனவர். ஒரு வருஷத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஆறு வருஷம் கழித்து வந்தார். அவரிடம் யாரும் ரிட்டர்ன் டிக்கெட் கேட்டதாக எங்கள் குடும்பக் கதையில் இல்லை. பாட்டி மட்டும் கேட்டிருப்பாள். சரி, அந்தக் காலத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. இந்தக் காலத்தில் செய்யக்கூடியதைக் கேட்கிறேன்.

முதலில், எதை ஒத்துக்கொள்வீர்கள் என்பதை எழுதிப் போடுங்கள், டிக்கெட் விற்கிற அதே பக்கத்தில். பெயர் போட்ட சர்வதேச ரயில் டிக்கெட், பஸ் டிக்கெட், கப்பல் டிக்கெட், அடுத்த நாட்டு விசா, சேருகிற நாட்டிலிருந்து இல்லாமல் அதற்கு அடுத்த நாட்டிலிருந்து ஊர் திரும்புகிற விமான டிக்கெட் என்று எதெது செல்லும், எதெது செல்லாது என்று தமிழிலும் இருந்தால் நல்லது. ‘செல்லாது’ என்று எழுதினால்கூட எனக்குச் சம்மதம்தான். முன்கூட்டித் தெரிந்தால் வேறு நிறுவனத்தில் போவேன், அல்லது வழியை மாற்றுவேன். கவுன்ட்டரில் நின்றுகொண்டு தெரிந்துகொள்வதுதான் கொடுமை. உங்கள் விதிமுறைப் பக்கத்தில் இப்போது இருப்பது ‘தேவையான பயண ஆவணங்கள் பயணியின் பொறுப்பு’ என்கிற ஒற்றை வரி. அதை வைத்துக்கொண்டு நான் எந்தக் காகிதத்தை எடுத்துவருவது?

அதைவிட முக்கியமானது, ஆவணங்களை முன்னாலேயே பார்ப்பது. விசாவை முன்கூட்டி அனுப்பச் சொல்லி, சரிபார்த்து, ‘ஆவணம் சரி’ என்று குறித்துவைக்கிற நிறுவனங்கள் உலகத்தில் இப்போதே உண்டு. மேற்பயணச் சான்றையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் முன்னால் நான் என் ரயில் டிக்கெட்டை அனுப்புகிறேன், வரைபடம் பார்க்கத் தெரிந்த ஒருவர் உங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். விடிகாலை மூன்று மணிக்கு, பின்னால் இருநூறு பேர் நிற்க, ஒரு இளம்பெண் மேகாங் ஆறு எங்கே ஓடுகிறது என்று தீர்ப்பு சொல்ல வேண்டியிருப்பது அவருக்கும் அநியாயம். தப்பாக விட்டுவிட்டால் அவர் சம்பளத்தில் கை வைப்பார்களோ என்று அவர் பயந்ததை நான் முகத்தில் பார்த்தேன்.

அப்படியும் சந்தேகம் இருந்தால் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ‘எனக்கு அனுமதி மறுத்தால் திரும்பும் செலவு என்னுடையது’ என்று எழுதி வாங்கிக்கொண்டு ஏற்றுகிற வழக்கம் சில விமான நிறுவனங்களில் இருக்கிறது. அரசாங்க அபராதத்தை அது தடுக்காது என்பது தெரியும். அப்படியானால் முன்பணமாக ஒரு தொகை பிடித்து வையுங்கள், நான் உள்ளே போனதும் திருப்பிக் கொடுங்கள். 23,600 ரூபாயை ஏறவே போகாத ஒரு விமானத்துக்குக் கட்டி, அந்த இரண்டு இருக்கையை வேறு யாருக்கும் கிடைக்காமல் சில மணி நேரமாவது முடக்கிவைத்ததைவிட அது எல்லோருக்கும் லாபம்.

இவ்வளவும் முடியாது, ஏற்ற மாட்டோம் என்றால், ஏன் என்று எழுத்தில் கொடுங்கள். எந்த வரியின்படி மறுக்கிறீர்கள், அந்த வரியில் இருப்பது ‘வேண்டும்’ என்பதா ‘லாம்’ என்பதா என்று தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு. நான் வேலையில் இருந்த காலத்தில் ஒரு பதிவுத் தபாலைத் திருப்பி அனுப்பினால் உறையின் மேல் காரணம் எழுதாமல் அனுப்ப முடியாது: ‘ஆள் இல்லை’, ‘முகவரி போதாது’, ‘வாங்க மறுத்தார்’. ஒரு கடிதத்துக்குக் கிடைக்கிற மரியாதை, டிக்கெட் வாங்கி வந்த மனிதருக்கும் கிடைக்கலாம்.

ரயில் டிக்கெட்டையும் போலியாக அச்சடிக்கலாமே என்று நீங்கள் சொல்லக்கூடும். அடிக்கலாம். நீலச் சட்டைப் பையனிடம் கேட்டுப் பாருங்கள், விமான டிக்கெட்டையும் அடிக்கலாம்.

இதை இப்போது எழுதுவதற்கு ஓர் அவசரம் இருக்கிறது. அடுத்த பயணம் யாழ்ப்பாணம். 2025 மார்ச் கடைசியிலிருந்து எங்கள் திருச்சியிலிருந்தே அங்கே விமானம் விட்டார்கள். யாழ்ப்பாணத்து விமான நிலையம் இருக்கிற பலாலியில் இறங்கினால் காங்கேசன்துறை துறைமுகம் பக்கத்தில்தான். அங்கிருந்து நாகப்பட்டினத்துக்குப் பயணிகள் கப்பல் இருக்கிறது. 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. கடல் கொந்தளித்தால் நிறுத்திவிடுவார்கள், தேதி தள்ளிப்போகும். இருந்தாலும் போகும்போது விமானம், வரும்போது கப்பல் என்று முடிவு செய்திருக்கிறோம். நான் வேலையில் சேர்ந்த காலத்தில் மூத்த சார்ட்டர்கள் போட் மெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார்கள். எழும்பூரில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறிக் கொழும்புக்குப் போகலாம். எழும்பூரிலேயே கொழும்பு வரைக்கும் டிக்கெட் கொடுத்தார்கள், 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அடித்துக்கொண்டு போகிறவரை. கடலைத் தாண்டிப் போன டிக்கெட்டை அன்றைக்குப் பார்த்த பரிசோதகர் அதை டிக்கெட் என்றுதான் சொன்னார்.

ஆகவே என் கேள்வி சின்னது. காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினம் வருகிற கப்பலின் டிக்கெட் இரண்டு என் பிளாஸ்டிக் ஃபைலில் இருக்கும். திருச்சி கவுன்ட்டரில் அது செல்லுமா, செல்லாதா? நான் விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் பதில் வந்தால் உபகாரமாக இருக்கும். தபாலில் அனுப்பினாலும் சரி. அது எப்படியும் வந்து சேர்ந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆர்.எம்.எஸ். சார்ட்டர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.